பிறந்த வீட்டு இன்ஜின்

இந்த வருஷம் கிளெம்மின் வாயை அடைத்தே தீருவது என்று ஆர்வில் யான்கோவ்ஸ்கி முடிவெடுத்தபோது அவர் கையில் பாதி உரித்த முட்டை இருந்தது. மீதியை உரிக்க மறந்து அப்படியே கடித்தார். முடிவு அவ்வளவு பெரியது.

கிளெம் பக்கத்து வீட்டுக்காரர். ஃபிளின்ட் நகரத்திலிருந்து இருபது மைல் தள்ளி, சோளக்கொல்லைகளுக்கு நடுவே இருந்த அந்த ஊரில் இருவருக்கும் வேலையில்லை. ஆர்வில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிளெம் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் அடுத்தவர் வாய் திறந்திருக்கும்போது தான் மட்டுமே பேசுகிற பழக்கம் அவருக்கு உண்டு. இருவரிடமும் ஆளுக்கொரு ஹால்பர்ட் ரெய்டர் கார், அறுபத்தொன்பதாம் வருஷத்துப் பொருள்.

சண்டை அந்தக் காரின் இன்ஜினைப் பற்றியது. ஹால்பர்ட் கம்பெனி அந்த வருஷம் முப்பத்தெட்டே முப்பத்தெட்டு ரெய்டர்களுக்குத்தான் ஏழு லிட்டர் ராட்சச இன்ஜினைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பியது. மற்றதெல்லாம், வாங்கியவன் ஆசைப்பட்டு, விற்ற கடையில் மாற்றிப் போட்டது. பார்க்க இரண்டும் ஒன்றுதான். உறுமுவதிலும் பெட்ரோல் குடிப்பதிலும் ஒன்றுதான். ஆனாலும் இன்ஜின் பிறந்த வீட்டிலேயே போட்டதா, புகுந்த வீட்டில் போட்டதா என்று பதினொரு வருஷமாக, சனிக்கிழமைதோறும், டோனட் கடை வாசலில் நரைத்த தலைகள் கூடி விவாதித்தன. சொந்தப் பிள்ளைகளுக்கு வரன் பார்த்தபோதுகூட அவர்கள் இவ்வளவு குலம் கோத்திரம் விசாரித்ததில்லை.

கிளெம்மின் காருக்குச் சான்றிதழ் இருந்தது. கண்ணாடி போட்டு, வரவேற்பறையில், பேரக்குழந்தைகளின் படத்துக்கு மேலே மாட்டியிருந்தார். ஆர்விலின் காருக்கு ஆர்விலின் வாய்தான் சான்றிதழ்.

"அக்டோபர் கண்காட்சிக்கு வெண்டல் ஓஸ்ட்ராண்டர் வர்றார்," என்று முட்டை ஓட்டைத் துப்பியபடி மனைவியிடம் அறிவித்தார். "ஹால்பர்ட் கார் விஷயத்துல அவர் சொல்றதுதான் கடைசி வார்த்தை. நம்ம காரைக் காட்டப் போறேன்."

பெர்னடீன் காபி ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அவர் இல்லைன்னு சொல்லிட்டா?"

"சொல்ல மாட்டார்."

"சொல்லிட்டா?"

இங்கேதான் ஆர்வில் வாயைக் கொடுத்தார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கார் ஷெட். அதற்குள் ஒரு ஹீட்டர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ரெய்டர் அதற்குள் கதகதப்பாகத் தூங்கும். பெர்னடீனின் சின்னக் கார் வெளியே பனியில் புதைந்து கிடக்கும். தினமும் காலையில் அவள் இருபது நிமிஷம் ஐஸ் சுரண்டிவிட்டுத்தான் எங்கேயும் போக முடியும். பத்தொன்பது குளிர்காலமாக இப்படித்தான். இதைப் பற்றி அவள் பேச்செடுத்தால், அபூர்வமான பொருளுக்கு ஈரம் ஆகாது என்பார் ஆர்வில். நான் என்ன, மொத்தமாக வாங்கின பொருளா என்று அவள் கேட்டால் அவருக்குக் காது கேட்காது.

"அப்படிச் சொல்லிட்டார்னா, இந்தக் குளிர்காலம் முழுக்க ஷெட் உனக்கு," என்றார் கர்ணனைப் போல. "ஃபேக்டரி இன்ஜின்தான்னு சொல்லிட்டா, ஷெட்டைப் பத்தி நீ இனிமே மூச்சு விடக் கூடாது."

பெர்னடீன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஃப்ரிட்ஜில் தொங்கிய காலண்டரை எடுத்து, அதில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினாள். நாற்பத்தெட்டு வருஷத்தில் அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததில்லை. ஆர்வில் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

அவர் பயந்தது மறுநாள். இன்ஜினின் முன்பக்கம், ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சமதளமான இடம் உண்டு. தொழிற்சாலையில் அங்கேதான் காரின் நம்பரை அடிப்பார்கள். காரின் உடம்பில் இருக்கும் நம்பரும் அதுவும் ஒன்றாக இருந்தால் பிறந்த வீட்டு இன்ஜின். பெரியவர் பார்க்கப் போகிறாரே என்று அந்த இடத்தில் படிந்த பழைய பெயின்டை ஆர்வில் ரசாயனம் தடவித் துடைத்தார். துடைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியையும் துடைத்தார். மறுபடி பார்த்தார். அந்த இடம் அவர் தலையைப் போல வழவழவென்று இருந்தது. தப்பான நம்பர்கூட இல்லை. நம்பரே இல்லை. நம்பர் இல்லாவிட்டால் ஒருத்தரும் நம்பார்.

வீட்டுக்குள் வந்தவர் முகத்தைப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று பெர்னடீன் விசாரித்தாள். முட்டை ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஓட்டோடு தின்றால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, வெகு நாளாகத் தள்ளிப்போட்ட வேலை என்று நிலவறையைச் சுத்தம் செய்ய இறங்கிவிட்டாள்.

மூன்று நாள் ஆர்விலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான்காம் நாள், தன் வேலை மேஜைமேல் ஒரு பழைய மரப்பெட்டியைக் கண்டார். நிலவறையில் கிடந்ததாம், தூக்கி எறிய மனசில்லாமல் கொண்டுவந்து வைத்தாளாம். திறந்தால் உள்ளே இரும்பில் நம்பர் அடிக்கும் உளிகள், பூஜ்யம் முதல் ஒன்பது வரை, எண்ணெய் பூசி, வரிசையாக. இவ்வளவு நாள் ஞாயிறுதோறும் சர்ச்சில் தூங்கியதை மன்னித்து, ஆண்டவனே அனுப்பிய பெட்டி இது என்று ஆர்வில் நினைத்தார்.

புதன்கிழமை மத்தியானம் பெர்னடீன் சர்ச் விருந்துக்குப் பியரோகி என்கிற கொழுக்கட்டை பிடிக்கப் போனாள். எண்ணூறு பிடிக்க வேண்டும், ஆறு மணிக்குத்தான் வருவேன் என்று வாசலில் நின்று இரண்டு முறை சொன்னாள். அவள் கார் தெரு திரும்பியதும் ஆர்வில் சுத்தியலோடு ஷெட்டுக்குள் போய்த் தாளிட்டார். காரின் நம்பர் 133073. நான்கு உளிகள்தான் வேண்டியிருந்தன. மூன்றை மட்டும் மூன்று தரம் அடித்தார். கட்டைவிரலை நான்கு தரம் அடித்தார். கடைசியில் புளித்த ஆப்பிள் சாறும் கரியும் பூசி, ஐம்பது வருஷத்து அழுக்கை ஒரே மத்தியானத்தில் உண்டாக்கினார்.

கண்காட்சித் திடலில் நல்ல கூட்டம். டோனட் கடை விவாத சபை மொத்தமும் நாற்காலிகளோடு வந்திருந்தது. வெண்டல் ஓஸ்ட்ராண்டருக்கு எண்பது வயதிருக்கும். குச்சி போன்ற உடம்பு, சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. ரெய்டரின் முன்னால் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. கிளெம்கூட வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

நிமிர்ந்ததும் பெரியவர் சாந்தமாகக் கேட்டார். "இந்த நம்பரை யார் அடிச்சது?"

"ஃபேக்டரியிலதான்," என்றார் ஆர்வில். கட்டைவிரலைப் பாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டார்.

"இந்த மூணுக்குத் தலை தட்டையா இருக்கு பாருங்க. இந்த உளியை ஹால்பர்ட்ல அறுபத்தேழோட நிறுத்திட்டாங்க. உங்க இன்ஜின் வார்த்தது அறுபத்தொன்பதுல." மறுபடி குனிந்து முகர்ந்தார். "ஆப்பிள் வாசனை வேற வருது."

அதற்குப் பிறகு கிளெம்மை யாரும் நிறுத்தவில்லை. ஐம்பது வயசு இன்ஜினுக்குப் போன வாரம்தான் பெயர் வைத்தார்களாம், நம்மையெல்லாம் விருந்துக்குக் கூப்பிடவில்லையே என்று நாற்காலி நாற்காலியாகப் போய்ச் சொன்னார். ஆர்வில் ஹாட்டாக் வண்டிக்குப் பின்னால் நின்று, பசியில்லாமல் மூன்று தின்றார். எட்டிப் பார்த்தபோது பெர்னடீனும் வெண்டல் பெரியவரும் ரெய்டர்மேல் சாய்ந்து, பழகியவர்களைப் போலச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் நான்காவதாக ஒன்று வாங்கினார்.

திரும்பும் வழியில் ஆர்வில் ஐந்து மைல் வண்டியை ஓட்டினார். பிறகு முனகினார். "அந்தப் பெரியவரை உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? ஹால்பர்ட் இன்ஜின் ஃபேக்டரியில என் மேஸ்திரி."

"நீ அங்க ஆபீஸ்லதானே இருந்தே?"

"ஆபீஸ்ல இருந்தது உன் அண்ணி. நான் மூணு வருஷம் இன்ஜின்ல நம்பர் அடிச்சேன். அந்தப் பெட்டி, நான் வேலையை விட்டப்போ கூட இருந்தவங்க கொடுத்தது. கழிச்சுப்போட்ட உளி."

கார் லேசாகச் சோளக்கொல்லைப் பக்கம் ஒதுங்கியது. ஆர்வில் பிரேக் போட்டு நிறுத்தினார். அடிக்கப் போகிறேன் என்று தெரிந்தேதான் பெட்டியை மேஜையில் வைத்தாயா என்று கேட்டார். தெரிந்துதான் வைத்தேன் என்றாள். அந்த இடம் வெறுமையாக இருந்தது முன்னமே தெரியுமா என்றார். அதுவும் தெரியும் என்றாள்.

"இந்த வண்டி எந்த வாரம் தயாரானது, சொல்லு."

அதெல்லாம் ஆர்விலுக்குத் தலைகீழ்ப் பாடம். "ஜூன் ரெண்டாவது வாரம், அறுபத்தொன்பது."

"அந்த வாரம் நான் லீவு. எனக்குப் பதிலா வந்த பையன் ரெண்டு நாள் அந்த இடத்தைத் தேய்ச்சு மட்டும் அனுப்பிட்டான், நம்பர் அடிக்கணும்னே தெரியலை. வெண்டல் பார்த்து நிறுத்தறதுக்குள்ள இருபது இன்ஜின் மொட்டையாப் போயிடுச்சு. அதுல ஒண்ணு இது. ஃபேக்டரி இன்ஜின்தான், ஆர்வில். கடையில மாத்திப் போட்டதா இருந்தா வேற நம்பராவது இருந்திருக்கும்; மொட்டையா இருந்ததுதான் அத்தாட்சி. அதுமேலதான் நீ சுத்தியலை வச்சு அடிச்சே."

ஆர்வில் அவள் பக்கம் திரும்பினார். "இவ்வளவு வருஷமா ஏன் சொல்லலை?"

"நான் எதுக்கு லீவு போட்டேன்னு என்னைக்காவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அந்த வாரம்தான் நமக்குக் கல்யாணம்."

வெளியே சோளம் அசையவில்லை. ஏழு லிட்டர் இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஆர்வில் மன்னிப்புக் கேட்டார். ஒரு தடவை கல்யாணத் தேதிக்காக, இரண்டு தடவை இன்ஜினுக்காக. பிறகு மெதுவாக, இப்பவே வண்டியைத் திருப்பிப் பெரியவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று கெஞ்சினார்.

"சொல்லிட்டேன். அவருக்கும் அந்த இருபது ஞாபகம் இருக்கு. நீ அடிக்கிறதுக்கு முன்னால எடுத்த போட்டோ என்கிட்ட இருக்கு. அதோட நான் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டா, சான்றிதழ் தர்றேன்னார்."

ஆர்விலின் முகத்தில் ரத்தம் திரும்பியது. கிளெம்மின் வரவேற்பறைச் சுவரைவிடப் பெரிய சட்டம் ஒன்று அவர் கண்முன் தெரிந்தது. பாக்கெட்டைத் தடவி ஒரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, வீங்கிய கட்டைவிரலோடு அவளிடம் நீட்டினார்.

பெர்னடீன் பேனாவை வாங்கி, மூடி, தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஏப்ரல்ல எழுதறேன்."