சாக்குக்குள்ள நாலு கிழங்கு

மொட்டை மாடியில நிழல் விழுற ஒரே மூலை. அங்க என் சாய்வு நாற்காலி. இந்த உலகத்துல நான் கால் நீட்டுற இடம் அவ்வளவுதான். உயிரே போனாலும் அதை விடுறதில்லைன்னு முடிவு பண்ணியிருந்தேன். என் மனைவிக்குத் தையல் மிஷினை அங்க போடணுமாம்.

"அதுல சாஞ்சு சாஞ்சு இதுவரைக்கும் என்னத்தை விளைவிச்சீங்க?"

"என்ன விளையணும், சொல்லு!"

சொன்னா. ஒரு சாக்குல மண்ணை ரொப்பி, சர்க்கரைவள்ளிக் கொடியில ஒரு துண்டை நட்டு என் முன்னால வெச்சா. "நாலு மாசம். ஒரே ஒரு கிழங்கு காட்டுங்க, மூலை உங்களுக்கு. இல்லேன்னா மிஷின் மேல ஏறும்."

கொடி வளந்துச்சு பாருங்க! சுவரேறி, தண்ணித்தொட்டியைச் சுத்தி, என் நாற்காலிக் கையையும் பிடிச்சுக்கிச்சு. ஊதாப் பூ வேற.

கெடு முடியுற அன்னிக்குக் காலையில, அவ குளிக்கப் போன நேரம் பாத்து சாக்குக்குள்ள கையை விட்டேன். மண்ணு. வேரு. ஒரு புழு. கிழங்கைக் காணோம்!

செருப்புகூட மாட்டாம மார்க்கெட்டுக்கு ஓடினேன். நாலு கிழங்கோட மூச்சிரைக்க ஏறி வந்து புதைச்சேன். மண்ணைத் தட்டிட்டு நிமிந்தா, கழுத்துல அளவு டேப்போட மாடி வாசப்படியில அவ நிக்கிறா.

"தோண்டலாமா?"

"தா... தாராளமா."

முதல் கிழங்கு வந்துச்சு. திருப்பித் திருப்பிப் பாத்தா. எனக்கு முதுகுல வேர்வை ஓடுது.

"கொடியில ஒட்டாம தனியாக் கெடக்கே?"

"முத்தினா தானா உதிரும்."

"மாங்காயா? சரி, நான் நட்டது சிவப்புத் தோலு. இது வெள்ளையா இருக்கே?"

"மண்ணுக்குள்ள வெயிலே படலையே, வெளுத்திருக்கும்."

"கழுவின மாதிரி இருக்கே?"

"நான் வளத்ததாச்சே. சுத்தமாத்தான் இருக்கும்."

"ஒண்ணுமில்லீங்க, சும்மாதான் கேட்டேன். நம்ம கிழங்கை எலி கடிக்க ஆரம்பிச்சுதுன்னு போன வாரமே தோண்டிட்டேன். ஏழு இருந்துச்சு. இனிப்பு ஏறட்டும்னு பரண்ல போட்டிருக்கேன்."

"அப்போ நான் ஜெயிச்சுட்டேனா?"

"ஜெயிச்சுத்தான் இருந்தீங்க. இன்னிக்குக் காலை வரைக்கும்."

"அடியே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லத்தான் மேல வந்தேன். குனிஞ்சு நட்டுக்கிட்டு இருந்தீங்க. அதிசயமா உழைக்கிற மனுஷனை எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு நின்னுட்டேன்." டேப்பை உருவி விரிச்சா. "அந்த முனையைப் பிடிங்க."

பிடிச்சேன். மிஷினுக்கு என் மூலை கச்சிதமா இருந்துச்சு.