ஆம்ஸ்டர்டாமில் விரிந்த குடை

துரைமார் தோரணையில் யார் எதைக் கேட்டாலும் "யெஸ்" என்று சொல்லிவிடும் வியாதி எனக்கு உண்டு. இது பரம்பரை வியாதி. அப்பாவுக்கும் உண்டு. அவர் "ஆமாங்க தொரே" என்பார். என்னை ஹட்டன் வரை அனுப்பிப் படிக்கவைத்ததில் எங்கள் குடும்பம் கண்ட முன்னேற்றம், அதையே நான் இங்கிலீஷில் சொல்லக் கற்றுக்கொண்டதுதான்.

எங்கள் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் துரை கேட்பது கேள்வியே அல்ல. "அந்த மலையில் கவ்வாத்து முடிந்ததா?" என்று கேட்டால், பாதிச் செடி வெட்டாமல் நின்றாலும் "ஆமாங்க தொரே"தான். அவர் தலை மறைந்த பிறகு ஓடிப்போய் மீதியை வெட்டுவார்கள்.

குடைக்கும் ஒரு சட்டம் இருந்தது. வானமே இடிந்து கொட்டினாலும் சரி, எதிரே துரை வந்தால் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாதையோரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். அவர் தன் குடையோடு நனையாமல் கடந்து போவார். ஒருநாள் பனிமூட்டத்தில் அப்பாவுக்குத் துரை வந்தது தெரியவில்லை. குடையை மடக்காத குற்றத்துக்காக ஒரு வாரம் வேலைக்கு வராதே என்று விரட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அப்பா குடையே பிடித்ததில்லை. சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவார். ஆனால் நான் பரீட்சையில் பாஸான அன்று ஹட்டனுக்குக் கூட்டிப்போய், ஒரு முஸ்லிம் நானா கடையில் வளைந்த பிடியுள்ள கறுப்புக் குடை வாங்கிக் கொடுத்தார்.

"உத்தியோகத்துக்குப் போறவன் கையில கொடை இருக்கணும்டா. நீ மடக்காத."

நான் தோட்டத் தொழிற்சங்கத்துக் காரியாலயத்தில் கடிதம் எழுதுகிறவனாகச் சேர்ந்தேன். ஒல்லாந்து நாட்டில் ஆறு வாரப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்ப வேண்டும் என்று தலைவர் சொன்னபோது மற்றவர்கள் யோசித்தார்கள். நான் வழக்கம்போல் யோசிக்கவில்லை. பயணப் பத்திரம் எடுப்பதற்குத்தான் எட்டு மாதம். தோட்டத்து ஆட்களுக்கு நாடே இன்னும் முடிவாகாத காலம்; எந்த நாட்டுப் பிரஜை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று மூன்று அரசாங்கக் கந்தோர்களில் மூன்று விதமாகச் சொன்னார்கள். (மூன்றுக்கும் நான் யெஸ் என்றேன்.)

பயிற்சிக்கு வரும் பன்னிரண்டு பேரில் ஒருவரை மட்டும் அங்கேயே நிறுத்தி, ஒரு வருடம் படிக்கவைப்பதாக ஏற்பாடு. ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிடும்போது அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அந்த ஒரு வருசப் படிப்ப வாங்கிட்டு வா. தொர முன்னால நாற்காலி போட்டு ஒக்காந்து பேசுற ஆளா வா. அத நான் ஒரு நாள் பாத்தாப் போதும்."

"சரிப்பா" என்றேன். வேறென்ன சொல்வேன்.

ஐந்தாவது வாரம் எங்களை ஆம்ஸ்டர்டாமில் அவர்களுடைய பெரிய தேசிய நூதனசாலைக்கு அழைத்துப் போனார்கள். பொறுப்பாக வந்தவர் ஓர் அம்மையார். உயரமானவர், நரைத்த தலை, நல்ல மனுஷி. ஒரு வருடப் படிப்பு யாருக்கு என்று தீர்மானிப்பவரும் அவர்தான். அதனால் பன்னிரண்டு பேரும் அவர் நின்ற இடத்தில் நின்று, அவர் வியந்த படத்தை வியந்துகொண்டு நடந்தோம்.

வெளியே எங்கள் நுவரெலியாவில் கொட்டுவது போன்ற மழை. கோயில் போலக் கோபுரங்களோடு நின்ற கட்டிடத்தைப் பார்த்ததும் என் கால்கள் செருப்பைத் தேடிக் கழற்றப் பார்த்தன. (சப்பாத்துப் போட்டிருந்ததால் தப்பித்தேன்.) வாசலில் மழைக்கோட்டுகளை வாங்கிக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்த பெண் என் குடையைக் காட்டி ஏதோ கேட்டாள். "யெஸ்" என்று சொல்லிவிட்டு, குடையைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டேன். குடையை இங்கே வைத்துவிட்டுப் போகிறீர்களா என்று அவள் கேட்டிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

உள்ளே கப்பல்கள், பீங்கான்கள், பால் ஊற்றும் ஒரு வேலைக்காரப் பெண்ணின் படம். அவள் பால் ஊற்றிய பதமான கையைப் பார்த்து என் அம்மாவின் நினைவு வந்து நான் சற்று அதிகமாக நின்றுவிட்டேன் போலிருக்கிறது. அம்மையார் பக்கத்தில் வந்தார்.

"உங்களுக்கு எங்கள் ஓவியங்களில் ஆர்வம் உண்டா?"

"யெஸ், மேடம்."

"பள்ளியில் அவற்றைப் பற்றிப் படித்திருக்கிறீர்களா?"

"யெஸ், மேடம்." (எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே படம் சுவரில் தொங்கிய ராணியின் படம். அதையும் பல்லி பாதி மறைத்திருக்கும்.)

"அப்படியானால் அடுத்த அறையில் இருக்கும் பெரிய படத்தை நண்பர்களுக்கு நீங்களே விளக்குங்களேன்."

"யெஸ், மேடம்."

எங்கள் குழுவில் தமிழ் தெரிந்த இன்னொருவர் மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த வேலு அண்ணன். அவர் என் முழங்கையைக் கிள்ளினார்.

"தம்பி, என்னத்தச் சொல்லப் போற?"

"தெரியலண்ணே."

"அப்புறம் ஏன்டா யெஸ்ஸுன்ன?"

"அதுவும் தெரியலண்ணே."

அடுத்த அறைக்குப் போனோம். ஒரு சுவர் முழுக்க ஒரே படம், துப்பாக்கியும் ஈட்டியும் பிடித்த பழங்கால ஆட்களின் கூட்டம். நிமிர்ந்து பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்குத் தெரிந்த இடம். நான் பிறந்ததிலிருந்து பார்த்த இடம். அது பெரட்டு.

"நண்பர்களே, எங்கள் தோட்டத்தில் விடியற்காலையில் எல்லா ஆட்களையும் வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். இதோ நடுவில் கறுப்பு உடுப்போடு கையை நீட்டி உத்தரவு போடுகிறவர், பெரிய துரை. பக்கத்தில் மஞ்சள் உடுப்போடு தலையாட்டுகிறவர், சின்னத் துரை. வலது ஓரத்தில் ஆட்களை எழுப்புவதற்குத் தப்பு அடிக்கிறவர். அவரைப் பார்த்துக் குரைப்பது துரையின் நாய். பின்னால் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டு, யாரும் யார் சொல்வதையும் கேட்காமல் நிற்பவர்கள், நாங்கள். இடுப்பில் கோழியைக் கட்டிக்கொண்டு நடுவில் மாட்டிக்கொண்ட பெண்பிள்ளை பங்களாவுக்குக் கோழி கொடுக்க வந்தவள்."

எல்லோரும் சிரித்தார்கள். வேறு ஆட்களும் வந்து கூடினார்கள். அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் அதுவரை இப்படி ஒரு கூட்டம் நான் பேசுவதைக் கேட்டதில்லை. நாற்காலி என் கண்ணுக்குத் தெரிந்தது. துரைக்கு எதிரே போட்ட நாற்காலி.

அந்த ஆனந்தத்தில்தான் நாயைச் சரியாகக் காட்டுவதற்காகக் கோட்டுக்குள்ளிருந்து குடையை உருவி நீட்டினேன்.

காவலாளி ஒருவர் பாய்ந்து வந்து குடையின் நுனியைப் பிடித்தார். நான் பிடியைப் பிடித்தேன். அப்பா வாங்கிக் கொடுத்ததல்லவா. அவர் இழுக்க, நான் இழுக்க, ஏற்கெனவே தேய்ந்துபோயிருந்த குடையின் கொக்கி விட்டுக்கொடுத்தது. படார் என்று விரிந்தது. மடிப்பில் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் முழுவதும் அம்மையாரின் முகத்தில் விழுந்தது.

நான் நிமிர்ந்தேன். கறுப்பு உடுப்புத் துரை நேராக என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் நான் குடை விரித்து நின்றுகொண்டிருந்தேன்.

"மன்னிச்சிருங்க தொரே" என்றேன் படத்திடம், தமிழில், தலை குனிந்துகொண்டு. அவசரமாகக் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்தேன். ஒதுங்கி நிற்க வழவழப்பான அந்தத் தரையில் கானைத் தேடினேன். கான் இல்லை.

நான் சொன்னது புரிந்த ஒரே மனிதர் வேலு அண்ணன். அவர் ஒரு பெஞ்சில் போய் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. என்னை ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப்போய், தொப்பி வைத்த அதிகாரி ஒருவர் மரியாதையாகக் கேட்டார்: "படத்தைச் சேதப்படுத்தும் நோக்கம் உங்களுக்கு இருந்ததா?"

"யெஸ், சார்."

அந்தப் பதிலை அழிக்க அம்மையாருக்கும் வேலு அண்ணனுக்கும் ஒரு மணித்தியாலம் பிடித்தது.

திரும்பும் வழியில் ஒரு கடையில் தேத்தண்ணீர் குடித்தோம். (சாயம் இல்லாத தண்ணீர். எங்கள் தோட்டத்துக் கொழுந்துக்கு இந்தக் கதியா என்று அந்த நிலையிலும் வருந்தினேன்.) அம்மையார் என் எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது.

"அந்தப் படத்தை யாரும் இவ்வளவு அழகாக விளக்கி நான் கேட்டதில்லை" என்றார்.

"யெஸ், மேடம்."

"ஒரு வருடம் வீட்டைவிட்டு இங்கே இருப்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமா?"

"யெஸ், மேடம்."

அவர் கரண்டியால் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சீனி எப்போதோ கரைந்திருக்கும்.

"அப்படியானால் அந்த இடத்தைத் திரு. வேலுவுக்குக் கொடுத்துவிடலாமா?"

என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும். "நோ" என்ற அந்தச் சின்னச் சொல் வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டையைத் தாண்டிப் பல்வரைக்கும் வந்தது. அவர் காத்திருந்தார். எவ்வளவோ நேரம் காத்திருந்தார்.

"யெஸ், மேடம்" என்றேன்.

ஹட்டன் ஸ்டேஷனில் அப்பா நின்றிருந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். தோட்டத்து லொறி வந்து நின்றது. ஏறும்போதுதான் கேட்டார்.

"அந்தப் படத்துல இருக்கிற தொர செத்து எத்தன வருசமாச்சு?"

"முந்நூறு வருசம் இருக்கும்பா."

"செத்த தொரைக்கா கொடைய மடக்குன?"

குடையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். திருப்பித் தரவேயில்லை.

இதெல்லாம் நடந்து நாலைந்து வருடமாகிறது. வேலு அண்ணன் படித்து முடித்து, அங்கேயே பெரிய பதவியில் இருக்கிறார். போன தீபாவளிக்கு அந்தப் பெரிய படத்தைத் தபால் அட்டையில் அனுப்பி, பின்புறம் "தொர ஒன்னைய விசாரிச்சாரு" என்று எழுதியிருந்தார். அது எங்கள் லயத்து வரிசை வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. என் மனைவிக்கு வேலை ஆக வேண்டும் என்றால் குரலை உயர்த்தி, துரைசாணி மாதிரி, "மிஸ்டர், பீலியில போய் ரெண்டு வாளி தண்ணி எடுத்துட்டு வர்றீங்களா?" என்பாள். "யெஸ், மேடம்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்த பிறகுதான் எனக்கே உறைக்கும்.

போன மாதம் நானும் அப்பாவும் கடைக்குப் போனோம். மழை. அப்பா என் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பின்னால். வளைவில் துரையின் ஜீப் வந்தது. அப்பாவின் முதுகைப் பார்த்தேன். குடை ஒருமுறை தாழ்ந்தது. ஆனால் மடங்கவில்லை. ஜீப் மெதுவாகி, அவரைத் தாண்டிச் சேறு தெறிக்கப் போயிற்று.

அப்பா திரும்பி என்னைத் தேடினார். பாதையில் நான் இல்லை.

"மேல ஏறி வாடா. அவரு போயி ரொம்ப நேரமாச்சு."

முழங்கால் தண்ணீரில், கானுக்குள்ளிருந்து, "சரிப்பா" என்றேன். அன்று முதல் எங்கள் லயத்தில் யார் வீட்டில் சிரிக்க விஷயம் இல்லாவிட்டாலும் இதைத்தான் எடுக்கிறார்கள்: படிக்காத அப்பா குடைக்குள்ள, சீமைக்குப் போய் வந்த மகன் கானுக்குள்ள.