ரிவர்ஸ் அண்ணனும் நார்வே மாப்பிள்ளையின் பாலிசியும்

கடத்தூரிலிருந்து பொம்மிடி வரைக்கும் எந்தக் கோயில் வாசலில் நிறுத்திக் கற்பூரம் அணைக்கச் சொன்னாலும் சரி, ரிவர்ஸ் அண்ணன் ஓட்டிய வண்டி ஓரடி பின்னால் போனதைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்ய ஓர் ஆள் கிடைக்க மாட்டான்.

பிறகு ஏன் ரிவர்ஸ் என்று பேர்? எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. வாயே திறக்காத வாத்தியாருக்கு ரேடியோ என்று பேர் வைத்தவர்கள் நாங்கள்.

அவர் தனியார் பஸ்ஸில் டிரைவர். நான் அதே பஸ்ஸில் கண்டக்டர். படிப்பு எனக்கு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் முதல் டிரிப்புக்கு முன்னால் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்காமல் ஒருநாளும் விசில் ஊதியதில்லை. இந்த அண்ணனோடு வண்டியில் போகிறவனுக்குத் தெய்வத் துணை கூடுதலாகவே வேண்டியிருந்தது.

ஒருமுறை ஓடைப் பாலத்தில் எதிரே கரும்பு லாரி வந்துவிட்டது. இரண்டு வண்டி போக இடமில்லை. லாரிக்காரன் தலையை நீட்டினான்.

"யோவ், பின்னால எடுய்யா!"

"முன்னால போறதுக்குத்தான் எங்க மொதலாளி டீசல் போட்டிருக்காரு. பின்னால போறதுக்குப் போடலை."

இன்ஜினை அணைத்துவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்தார். வண்டியில் பெண் பார்க்கப் போகிற கூட்டம் ஒன்று இருந்தது. நல்ல நேரம் போய்விடுமே என்று அவர்கள் என்னைத் திட்ட, நான் சாமியைக் கூப்பிட, கடைசியில் லாரிக்காரன்தான் தோற்றான். அவன் பின்னால் எடுக்க நான் ஓடிப்போய் நின்று, "வரட்டும், வரட்டும், ஓல்டான்!" என்று குரல் கொடுத்தேன். வா, வா, நில் என்று ஒவ்வொரு கண்டக்டரும் தன் டிரைவருக்குக் கொடுக்கிற குரல் அது. நானோ ஊரான் டிரைவர்களுக்கே கொடுத்துக் கொடுத்துத் தொண்டை கட்டியவன். சொந்த டிரைவருக்குக் கொடுக்க வாய்க்கவே இல்லை.

வண்டியில்லாத இடத்திலும் அவர் அப்படித்தான். ஒரு முகூர்த்த நாளில் மண்டபம் மாறி உள்ளே போய்விட்டார். வாசலில் சந்தனம் எடுக்கும்போதே தெரிந்துவிட்டது.

"அண்ணா, இது வேற கல்யாணம்ங்க. திரும்பிடலாம்."

"வெச்ச காலு வெச்சதுதான்."

மேடையேறி முன்பின் தெரியாத பொண்ணு மாப்பிள்ளைக்கு அட்சதை போட்டார். பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கினார். பிறகு சமையல்கட்டு வழியாக, அண்டா குண்டாவெல்லாம் தாண்டி, முன்னோக்கியே வெளியேறினார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், கவிதா. நார்வே தேசத்தில் வேலைக்குப் போன இடத்தில் எரிக் என்கிற அந்த ஊர்ப் பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். சொந்தபந்தமெல்லாம் வீட்டு முன்னால் கூடிக் குதித்தது. அண்ணன் நடுவில் நின்று, "எம் பொண்ணு கேட்டா, சரின்னுட்டேன். சொன்ன சொல்லுக்கு எங்கிட்ட ரிவர்ஸ் கியர் கெடையாது" என்றார். கல்யாணமும் ஆயிற்று. பாதிச் சொந்தம் அன்றோடு வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டது. அவர் அசரவில்லை.

மாரியம்மன் திருவிழாவுக்கு இருவரும் வந்து இரண்டு மாதம் தங்குவதாக ஏற்பாடு. கவிதா போனில் பேசினாள். "அப்பா, அவரு பழைய வேலைய விட்டுட்டாரு. புது வேலை திரும்பி வந்த பொறவுதான். நடுவுல ஒடம்புக்கு ஏதாச்சும்னா ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பாதுகாப்பு இல்ல. இங்கயே ஒரு பாலிசி எடுத்துட்டு வந்துடறோம்."

"என் வூட்டுக்கு வர்ற மாப்ளைக்கு அவங்கூர்ல பாலிசியா? நாங்கெல்லாம் எதுக்கு இருக்கறோம்? நான் எடுக்கறேன். நீ போனை வெய்யி."

வாக்குக் கொடுத்தாயிற்று. மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு தர்மபுரிக்குக் கிளம்பினார். முதல் ஆபீசில் ஆதார் கேட்டார்கள்.

"அவங்கூர்ல அதெல்லாம் இல்லீங்க. ஆளு ஆறடிக்கு மேல. அடையாளத்துக்கு அது பத்தாதுங்களா?"

இரண்டாவது ஆபீசில், வெளிநாட்டுக்காரருக்கு இங்கே வழியில்லை, போய்விட்டு வாருங்கள் என்றார்கள். பாலத்தில் லாரிக்கு எதிரே நின்ற அதே முகத்தோடு அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விளக்கை அணைத்து, ஷட்டரைப் பாதி இறக்கியும் எழவில்லை. கடைசியில் அங்கிருந்தவரே, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்று தனிப் பாலிசி உண்டு, அது கிடைக்கிற இடம் இது என்று விலாசம் எழுதிக் கொடுத்துக் கும்பிட்டார்.

மூன்றாவது ஆபீசில் இருந்த மேடம் பொறுமைசாலி. வீடியோவில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டோம். பனிக்கு நடுவில் நின்றுகொண்டு எரிக் கையாட்டினார். மேடம் ஒவ்வொரு நோயாகக் கேட்க, பக்கத்திலிருந்து கவிதா பதில் சொன்னாள். சர்க்கரை இல்லை. பிரஷர் இல்லை. அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"அம்மை போட்டிருக்குதா?"

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஏம்மா, அதை எதுக்கு நோய் வரிசையில கேக்கறீங்க?"

"அது ஒரு வைரஸ், சார்."

"எங்காத்தாளை அப்படியெல்லாம் திட்டாதீங்க!"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. எங்கள் பக்கத்தில் அம்மை போட்டால் ஆத்தா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்வோம். வாசலில் வேப்பிலை கட்டுவோம், வீட்டில் தாளிக்க மாட்டோம். வீட்டுக்கு வந்த தெய்வத்தைச் சளி, இருமலோடு சேர்த்துக் கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

மேடம் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் இந்தப் பாலிசி."

"எல்லாத்துக்கும் இருக்கட்டும். ஆத்தா வந்தா மட்டும் உங்க கம்பெனி காசு ஒத்தப் பைசா வேண்டாம். அவளை நான் பார்த்துக்குவேன். சொல்லிட்டேன்!"

முன்வாசலில் நுழைந்தவர், பாலிசியை வாங்கிக்கொண்டு வழக்கப்படி பின்வாசலைத் தேடி வெளியே போனார்.

மாப்பிள்ளை வந்தார். தங்கமான பிள்ளை. தரையில் உட்கார்ந்து களி சாப்பிட்டார், எனக்கும் எழுந்து நின்று கைகூப்பினார். திருவிழாவுக்குக் காப்பு கட்டும் நாள் வந்தது. எல்லா வீட்டு ஆண்களோடும் அவரும் போய்ச் சிரித்த முகமாகக் கையை நீட்டினார். தர்மகர்த்தா மஞ்சள் கயிற்றைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஆத்தாளுக்கு இந்த ஆளு யாருன்னே தெரியாதேப்பா. எப்படிக் கட்டறது?"

"மாப்ள, கையை மடக்காதீங்க!" என்றார் அண்ணன்.

அந்தப் பிள்ளை நீட்டிய கையோடு நின்றது. ஊரே கட்டிக்கொண்டு போயிற்று. கூட்டம் கலைந்து, கோயில் வாசலைக் கூட்டுகிற அம்மா வந்து, "கொஞ்சம் நவுருங்க சாமி" என்று சொல்லும்வரை நின்றது.

அதற்கடுத்த வாரமே மாப்பிள்ளைக்குக் காய்ச்சல். மறுநாள் முகமெல்லாம் முத்து முத்தாகப் போட்டுவிட்டது. கவிதா அழுதாள். அண்ணனோ தெருவில் இறங்கி முழங்கினார்.

"யாருன்னே தெரியாதுன்னு சொன்னீங்களே! தெரியாதவன் வூட்டுக்கா வருவா ஆத்தா? நம்ம வூட்டுப் புள்ளைன்னு வந்து உக்காந்திருக்கா, பாருங்கடா!"

தர்மகர்த்தாவே வேப்பிலையும் மஞ்சளும் கொண்டுவந்து வாசலில் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். வராத சொந்தமெல்லாம் இளநீரோடு வந்தது. அண்ணன் வாழ்க்கையில் இப்படி ஜெயித்து நான் பார்த்ததில்லை. கவிதா டாக்டரிடம் மாத்திரை வாங்கிக் கூழில் கலந்து கொடுத்தது அவருக்குத் தெரியும். தெரியாதவர்போல முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆனால் நாலாம் நாள் மத்தியானம் கவிதா எனக்குப் போன் செய்தாள். "சித்தப்பா, ஓடி வாங்க! அவருக்கு மூச்சு வாங்குது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அப்பா வழிய மறிச்சுக்கிட்டு நிக்கறாரு!"

ஓடினேன். அண்ணன் வாசலில், வேப்பிலைக்குக் கீழே, இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே மாப்பிள்ளையின் நெஞ்சு துருத்திபோல ஏறி இறங்கியது.

"ஆத்தா வந்த வூட்டை விட்டு ஆளைத் தூக்கிட்டுப் போனா, அவளை வேண்டாம்னு வெரட்டின மாதிரி ஆவாதா? ஊரு என்னா பேசும்? பயந்து ஓடிட்டான்னு சொல்லுவானுங்களே!"

நானும் ஆத்தாளுக்குப் பயந்தவன்தான். கவிதாதான் பேசினாள்.

"அப்பா, உன் பஸ்ஸுல ஒருத்தரு நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுச் சாஞ்சாரே, அன்னிக்கு எந்த ஸ்டாப்புலயும் நிக்காம நேரா ஆஸ்பத்திரிக்குத்தானே ஓட்டுன? அந்தாளுக்குச் சாமி இல்லைன்னு நெனைச்சா ஓட்டுன?"

உள்ளேயிருந்து மாப்பிள்ளை, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னார்.

"மாமா..."

நிலையைப் பிடித்திருந்த கை நழுவியது. அண்ணன் வேப்பிலைக் கொத்தை அவிழ்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஆத்தா, நாங்க கெளம்பறோம். வெரட்டலை. நீயும் வந்து ஏறு, வண்டில எடம் இருக்குது. உனக்கு டிக்கெட்டு வேண்டாம்." கொத்தை, வாசலில் நின்ற தன் ஆம்னி வேனில் ஸ்டீயரிங்குக்கு முன்னால் வைத்தார். மாப்பிள்ளையை நாங்கள் தூக்கிப் படுக்கவைத்தோம்.

அப்போதுதான் பார்த்தேன். வேன் கோயிலைப் பார்த்து நிற்கிறது. சந்து கோயிலோடு முடிகிறது. இரண்டு பக்கமும் திருவிழாப் பந்தல் கால். திருப்ப வழியே இல்லை. மெயின் ரோடு பின்னால் இருக்கிறது.

"அண்ணா, சாவி குடுங்க, நான் எடுக்கறேன்" என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் காதில் வாங்கவில்லை. ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியில் ஒருமுறை மாப்பிள்ளையைப் பார்த்தார். கியரைப் போட்டார். அது நறநறவென்று கத்தியது.

நான் வண்டிக்குப் பின்னால் ஓடி நின்றேன். வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்திருந்த குரல் வந்தது. "வரட்டும்... வரட்டும்..." ஒரு பிளாஸ்டிக் குடம் உடைந்தது, ஒரு துளசி மாடத்தின் ஓரம் பெயர்ந்தது. வண்டி மெயின் ரோட்டைத் தொட்டது. "ஓல்டான்!"

ஆஸ்பத்திரியில் நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்று உடனே சேர்த்துக்கொண்டார்கள். சமயத்துக்கு வந்தீர்கள் என்றார் டாக்டர். நர்ஸ் எடுத்துப் போட்ட வேப்பிலையை அண்ணன் திரும்பத் திரும்ப வைத்தார். "இலை ஓரமா இருக்கட்டும், ஆக்சிஜன் குழாயை மட்டும் தொடாதீங்க" என்று டாக்டர் சமாதானம் செய்தார்.

மாப்பிள்ளை தேறியதும் அடுத்த சண்டை. முழுச் செலவையும் கம்பெனி தரும் என்று அதே மேடம் போனில் சொல்ல, அண்ணன் முடியாது என்றார். பாலிசிக்காரன் கொடுக்கிறேன் என்று துரத்த, வேண்டாம் என்று ஒருவர் சண்டை போட்டது எங்கள் ஜில்லாவில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"நுரையீரலு உங்க கணக்கு, ஒத்துக்கறேன். மேல போட்டது ஆத்தா. சொன்ன வாக்கு இருக்குது."

"சார், ஒடம்பு முழுசுக்கும்தான் பாலிசி!"

"அப்படின்னா தோலை மட்டும் கழிச்சுக்குங்க!"

தோலைக் கழிக்க வழியில்லை என்று அவர்கள் முழுசையும் கட்டிவிட்டார்கள். அண்ணன் நேரே போய், தோலுக்கு ஈடாகத் தன் காசில் ஆத்தாளுக்குப் பட்டுப்புடவை எடுத்துச் சாத்தி, வாக்கைக் காப்பாற்றிக்கொண்டார்.

ஊர் திரும்பிய அன்று திருவிழாவின் கடைசி நாள், மஞ்சள் நீராட்டு. எல்லாரும் காப்பை அவிழ்க்கிற நாள். தர்மகர்த்தா புதுக் கயிறு ஒன்றை எடுத்துவந்து, "கையை நீட்டுங்க மாப்ள" என்றார். ஊரே அவிழ்த்த நாளில் கட்டிக்கொண்ட ஒரே ஆள் எங்கள் எரிக். நார்வேயில் இன்னமும் அவிழ்க்கவில்லையாம்.

ஆனால் டீக்கடையில் சும்மா விடுவார்களா? "என்னாங்கண்ணா, ரிவர்ஸ் எடுத்தீங்களாமே?" என்று ஆரம்பித்தார்கள்.

அண்ணன் டம்ளரை வைத்தார். "எவன்டா சொன்னான்? சாமி கும்பிட்டுட்டு வெளிய வர்றப்ப ஆத்தாளுக்கு முதுகைக் காட்டுவியா? மூஞ்சியப் பார்த்தபடியே பின்னால நடந்து வர மாட்ட? நானும் அப்படித்தான் வந்தேன். வண்டியோட வந்தேன், அவ்வளவுதான். வேணும்னா எங்க கண்டக்டரைக் கேளு!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த 'வரட்டும்' இன்னும் என் தொண்டையில் இருந்தது.

ரிவர்ஸ் அண்ணன் ரிவர்ஸ் எடுக்கவே இல்லை. எந்தக் கோயில் வாசலில் வேண்டுமானாலும் கற்பூரம் ஏற்றுங்கள், நான் அணைக்கிறேன். ஆத்தா என்னை மன்னித்துவிடுவாள். அவளும்தான் அன்று அந்த வண்டியில் இருந்தாளே.