பனிநாட்டுக் குண்டுப்பெட்டி

நவரத்தினத்தின் சொல்லுக்குப் போலந்திலும் நியூசிலாந்திலும் மதிப்பு இருந்தது. முருங்கனில், அவருடைய சொந்த வீட்டுக்குள்தான் அது இன்னும் வந்து சேரவில்லை.

உலகப் போர்க்காலத்துப் படங்களை ஒரு முகநூல் குழுவில் போடுவார்கள். பீரங்கி, அதை இழுக்கும் லொறி, இரண்டுக்கும் நடுவே இரண்டு சில்லில் உருளும் குண்டுப்பெட்டி. எது எந்தப் படையுடையது என்று சண்டை நடக்கும். கந்தோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நவரத்தினம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரேயொரு வரி எழுதுவார். சண்டை ஓய்ந்துவிடும். மனுசனுக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை.

"இஞ்சாருங்கோ, கோழிக்கூட்டுக் கதவு கழண்டு தொங்குது. நேற்றும் கீரி ஒண்டைக் கொண்டுபோட்டுது," என்றாள் மனோன்மணி. மாதக்கணக்காகச் சொல்கிறாள். கோழிகளில் பாதி போய்விட்டது.

இவள் வாயை அடைக்க நவரத்தினத்துக்கு ஒரு யோசனை உதித்தது.

"பந்தயம் பிடிப்பம். நீர் ஏதாவதொரு படம் கொண்டாரும். நான் பிழையாச் சொன்னால் நீர் சொல்லுற வேலையெல்லாம் செய்யிறன். சரியாச் சொன்னால், கூட்டுக் கதையே எடுக்கப்படாது."

"ஓம்."

இத்தனை சுருக்கமாக அவள் பேசியதே இல்லை. அப்போதே அவர் உசாராகியிருக்க வேண்டும்.

பின்னேரம் தன் போனை நீட்டினாள். கறுப்பு வெள்ளைப் படம். தகரப் பெட்டி, இரண்டு சில்லு, தொங்கும் கதவு.

"இதென்ன பெரிய வித்தை! வெள்ளைக்காரன்ரை இருபத்தைந்து இறாத்தல் பீரங்கிக்குரிய குண்டுப்பெட்டி."

"உள்ளுக்கு வைக்கோல் கிடக்குதே?"

"குண்டுகள் ஒண்டோடை ஒண்டு முட்டாமல் இருக்க."

"மேலெல்லாம் வெள்ளையாய் வடிஞ்சிருக்கே?"

"அதுதான் முக்கியம்! பனிநாட்டிலை எதிரிக்குத் தெரியாமல் வெள்ளை அடிச்சிருக்கிறாங்கள்."

"கதவு ஏன் தொங்குது?"

"சோம்பேறிப் படை! இப்பிடியொரு சாமானைக் கவனியாமல் விட்டவனைப் பிடிச்சு முறிய முறிய வேலை வாங்கோணும்."

படத்தை வாங்கித் தன் விளக்கத்தோடு அப்படியே குழுவிலும் போட்டார். ஓய்வுபெற்ற ஒல்லாந்துக் கப்டன் ஒருவர் கைதட்டினார். நவரத்தினத்தின் நெஞ்சு விரிந்தது.

மனோன்மணி அவரைப் பின்வளவுக்குக் கூட்டிப்போனாள். பழைய டிராக்டர் பெட்டியின் சில்லுகளைப் பூட்டி அவரே கட்டிய கோழிக்கூடு அங்கே நின்றது. கட்டி முடித்த பிறகு அந்தப் பக்கம் அவர் தலைகாட்டியதில்லை. கதவு தொங்கியது. மேலே ஏறி நின்ற பேட்டுக்கோழி இன்னும் கொஞ்சம் வெள்ளை அடித்தது.

அவருக்கு வெட்கத்தில் முகம் சுருங்கிப் போயிற்று.

"குழுவிலை சொல்லிப்போடாதையும், மனோ."

"நான் ஏன் சொல்லுறன்? முதலிலை அந்தக் கழண்ட கதவைப் பூட்டுங்கோ."

பூட்டினார். அடுத்து, கூட்டைக் குசினி வாசலடிக்கு இழுத்துவரச் சொன்னாள். அங்கே சமையலுக்கு ஆள் நடமாட்டம் இருக்கும், கீரி வராது. முன்கம்பியைப் பிடித்து மூச்சிரைக்க இழுத்தார். பேடு இறங்கவில்லை, மேலே நின்றே வந்தது. சும்மா சொல்லக்கூடாது, சில்லு உருண்ட அழகைக் கண்டு அந்த நேரத்திலும் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு கப்டனே ஏமாந்த கைவேலை அல்லவா!

மனோன்மணி அவருடைய போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"கொஞ்சம் இஞ்சாலை பாருங்கோ. இதை இழுக்கிற வாகனம் எதெண்டு உங்கடை கப்டன் கேட்டிருக்கிறார்."