காளியாயி வீட்டு அன்டெனா

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. அடுப்புப் பக்கம் நெருங்கினால் குளிர் தெரியாது; நான் சொல்லப்போகும் கதையில் பெய்கிற மழையும் மேலே படாது.

ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று மகான்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று மட்டும் சொல்லவில்லை. நேரம் போதவில்லை போலும். மிச்ச ஞானத்தைக் கண்டுபிடித்த பெருமை, கொட்டகலைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்தையே சேரும்.

அந்த லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்து கொழுந்து பறிக்கும் காளியாயிக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. மகள் நாகலெட்சுமி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் படுக்கும் மூலைக்கு மேலே தகரம் துருப்பிடித்து ஒழுகியது. மழைக்கு முன்னால் மேட்டு லயத்துக்குப் புதுத் தகரம் வரும் என்று தோட்டத்து ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். அந்தத் தகரம் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தாள், ஒரு வெள்ளிக்கிழமை காலைவரை.

அன்று காலை, பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மரியநாயகியின் கூரையில் ஓர் அன்டெனா நின்றது.

நாட்டுக்கு டெலிவிஷன் வந்த புதிது. தொரை பங்களாவில் ஒன்று இருந்தது. லயத்திலோ கரண்டே கிடையாது. ஆனால் இத்தகைய அற்பக் காரணங்கள் ஞானிகளைத் தடுத்ததில்லை.

"பாத்தீங்களா, டிவி வாங்கிட்டா!" என்றாள் காளியாயி, புருஷன் வீரய்யாவிடம்.

"கரண்ட் இல்லாம எப்புடி புள்ள ஓடும்?"

"அவங்க வேதக்காரங்க. மாதா ஏதாச்சும் வழி காட்டியிருக்கும். ஏன், நமக்கு மாரியம்மா இல்லியா?"

மதங்களை ஒப்புநோக்கும் இந்த உயர்ந்த ஆராய்ச்சிக்குப் பிறகு வீரய்யா கத்தியோடு மூங்கில் புதருக்குப் போனார். ஒரு மூங்கிலில் பழைய குடைக்கம்பிகளைக் கட்டி, மரியநாயகியுடையதைவிட ஒரு சாண் உயரமாக நிறுத்தினார். கூரையில் ஆணியடித்துத் துளை போட்டு உள்ளே கம்பியை இறக்கினார். இணைக்க ஒன்றுமில்லாததால் அதை ட்ரங்குப் பெட்டியில் சுற்றி, மேலே பூப்போட்ட துணியைப் போர்த்தினாள் காளியாயி. பெட்டி இருந்தது நாகலெட்சுமியின் மூலையில். ஆகவே, துளை விழுந்ததும் அங்கேதான்.

மறுநாள் மரியநாயகியின் அன்டெனா ஒரு முழம் வளர்ந்திருந்தது. காளியாயி மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்து இரண்டு முழம் கூட்டினாள். மரியநாயகி அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றினாள். சொர்க்கத்தில் அம்மனும் அந்தோனியாரும் ஒரே மூங்கில் புதரைத் தேடியிருப்பார்கள். அப்புறம் லயம் முழுக்க முளைத்தது. கம்பம் இல்லாத வீட்டில் பெண் எடுக்க யோசித்தார்கள்.

நிலைமை முற்றவே, தொழிற்சங்கத் தலைவர் அழகுமுத்து 'அன்டெனா உயரச் சமத்துவ அவசரக் கூட்டம்' கூட்டினார். கடைசி வரிசையிலிருந்து மூக்கன் எழுந்தான்.

"தலைவரே, கரண்ட் கேட்டு ஒரு தீர்மானம் போடுவமே?"

"உக்காரு மூக்கா. இது அன்டெனா கூட்டம். கரண்டுக்கு வேற கூட்டம் வைப்போம்."

"அது எப்பங்க?"

"கரண்ட் வந்ததும்."

கைதட்டலில் பள்ளத்தாக்கே அதிர்ந்தது.

பிறகு ஒருநாள், தகரம் ஏற்றிய லொறி வந்தேவிட்டது. கூடவே தோட்டத்து உதவி மேனேஜர் சின்னத்தொரையும், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவும். சின்னத்தொரை அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கண்டாக்கையா, இங்க எல்லா வூட்லயும் டிவியா?" என்றவர் காளியாயி பக்கம் திரும்பினார். "ஒன் வூட்ல இருக்கா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், தகரம் இறங்கிவிடும். காளியாயி மகளின் நிறைவயிற்றைப் பார்த்தாள். பக்கத்தில் மரியநாயகி காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதையும் பார்த்தாள்.

"இருக்குங்க தொரை. படந்தான் கொஞ்சம் புள்ளி புள்ளியா விழுகுதுங்க."

மரியநாயகியும் விடவில்லை. "நம்மது நல்லா தெரியுதுங்க."

"டிவி பாக்குற ஆளுகளுக்குத் தகரம் எதுக்கு? கீழ்லயத்துக்குக் கொண்டு போங்க."

லொறி திரும்பிப் போனது. எங்கள் மானம் ஒரு துளிகூடக் குறையாமல் மிஞ்சியது.

மழை வந்தது. அந்த மழையில்தான் நாகலெட்சுமிக்கு வலியும் கண்டது. பாதை சரிந்து, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வரவில்லை. மருத்துவச்சி அம்மாக்கண்ணு வந்து சேர்ந்தபோது, அன்டெனாக் கம்பி முதன்முதலாக வேலை செய்துகொண்டிருந்தது. மேலேயிருந்து தண்ணீரை நேராகப் படுக்கைக்குக் கொண்டுவந்து இறக்கியது.

சத்தம் கேட்டு மரியநாயகி, கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் தன் படங்குச் சாக்கோடு ஓடிவந்தாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பிள்ளைத்தாய்க்கு மேலே கூரையாக நின்றார்கள் இரண்டு பேரும்.

"ஒங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவமா புள்ள? அந்த டிவிய ஒரு ஓரமா தள்ளிட்டு..." என்றாள் காளியாயி.

"எந்த டிவிக்கா? அந்தக் கம்பி பங்களா குப்பையில கெடந்துச்சு. கருவாடு காயப்போடக் கட்டுனேன். பூனை எட்டாதுல்ல?"

காளியாயி சாக்கை விடாமலே அவள் பக்கம் திரும்பினாள். "அப்பறம் எதுக்குடி ஒசத்துன?"

"நீங்க போட்டி போட்டு ஒசத்துனீங்க. அம்புட்டு ஒசரத்துல என்னமோ இருக்கும்னு நெனச்சேன்."

சிரிக்கவும் அழவும் ஆளுக்கு ஒரு கை வேண்டியிருந்தது; நான்கு கையும் சாக்கில் இருந்தன. அவர்களுக்காகப் பிள்ளை அழுதது. பேத்தி.

மழை வெறித்ததும், கீழ்லயத்திலிருந்து ஒரு பெண் மேடேறி வந்தாள். அவளுக்குப் பின்னால் புதுத் தகரம் வெயிலில் வெள்ளியாக மின்னியது.

"அக்கா, ஆணியும் சுத்தியலும் கொஞ்சம் குடுங்களேன். நாங்களும் கம்பி எறக்கணும்."

கதை அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். தொட்டில் நனையாமல் ஆடட்டும். காலையில் உங்கள் வாசலைத் தாண்டி வந்தபோது அண்ணாந்து பார்த்தேன். எங்களுடையதைவிட உங்கள் கம்பம் நல்ல உயரம். அதற்குக் கீழே படுக்கிறவர்களும் சுகமாக இருக்கட்டும்.