பன்னிரண்டு முறை குடிபுகுந்தவள்

எங்கள் ஊர் நாக்ரீனாவில் வீட்டுப் பிரச்சினை என்று ஒன்று கிடையாது. இதை நான் சொல்லவில்லை. மாவட்டக் கவுன்சில் சொல்கிறது. வழவழப்பான காகிதத்தில், வண்ணப் படத்தோடு, ஆண்டுதோறும் சொல்கிறது. அந்தப் படத்தில் கையில் சாவியோடு சிரித்துக்கொண்டிருப்பவள் என் அக்கா ரோஷீன். அவளுக்கு வீடு இல்லை.

அவளுக்குக் கணவர் உண்டு. டைக், தச்சு வேலை செய்பவர். அடுத்த ஊரில் தன் அம்மா வீட்டில், பள்ளிக்கூடப் பையனாகப் படுத்த அதே கட்டிலில் படுக்கிறார். முழங்காலுக்குக் கீழே எல்லாம் கட்டிலுக்கு வெளியே. அக்காவும் குழந்தை மேவும் எங்கள் வீட்டுச் சாமான் அறையில். சட்டப்படி மணமான இந்தத் தம்பதி ஞாயிறு மதியம் எங்கள் சாப்பாட்டு மேசையில், மலைபோல் குவித்த உருளைக்கிழங்குக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அப்பா அம்மா முன்னிலையில் சந்தித்துக்கொள்கிறார்கள். குழம்புக் கிண்ணத்தை நகர்த்தும்போது விரலோடு விரல் பட்டால் உண்டு.

எங்கள் குடும்பத்துக்கு மட்டுமே உரிய பெருமை இது என்று யாரும் பொறாமைப்பட வேண்டாம். தெருவில் எல்லா வீட்டிலும் முப்பது தாண்டிய பிள்ளை ஒன்று, பழைய பாப் பாடகர்களின் சுவரொட்டிக்குக் கீழே படுத்துக் கிடக்கிறது.

இதற்காகத்தான் கவுன்சில் பழைய பால் பண்ணை நிலத்தில் பன்னிரண்டு வீடு கட்டியது. சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகும் வாடகை. சுவர் உண்டு, கூரை உண்டு, குழாயைத் திருகினால் வெந்நீர் உண்டு. தெருவிளக்குகூட உண்டு, ஒன்று. அது மட்டும் எரியவில்லை. விளக்கு எரியாத தெருவில் உள்ள வீடு 'மனிதர் குடியிருக்கத் தகுதியற்றது' என்பது விதி. விளக்குக்கு மின்சாரம் கொடுக்க வேண்டியது கவுன்சில். அதற்கான பணம் வர வேண்டியது வீட்டு வரியில். அந்த வீட்டு வரியைத்தான் எங்கள் கவுன்சிலர்கள் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஊரைக் கேட்டுவிட்டுக் குறைப்பார்கள். குறைத்த கையோடு எழுந்து நின்று தங்களுக்குத் தாங்களே கைதட்டிக்கொள்வார்கள். அக்கா வேலை பார்க்கும் நூலகம் இப்போது செவ்வாய்க்கிழமை மட்டும் திறக்கிறது. பொதுக் கழிப்பறை எந்தக் கிழமையும் திறப்பதில்லை. அவசரம் உள்ளவர்கள் செவ்வாய்க்கிழமை நூலகத்துக்கு வருகிறார்கள். வாசகர் எண்ணிக்கை உயர்ந்திருப்பதாகக் கவுன்சில் பெருமிதத்துடன் தெரிவிக்கிறது.

குடியேறத்தான் விளக்கு வேண்டும். விழா நடத்த வேண்டாம், விழா பகலில் நடப்பது. ஆகவே விழாக்கள் தங்குதடையின்றி நடந்தேறின. முதல் மண்வெட்டு விழா, வீடுகள் கட்டி முடிந்த பிறகு நடந்தது. அதுவரை அமைச்சருக்கு நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் எல்லா இடமும் கான்கிரீட் ஆகிவிட்டதால் ஒரு துண்டுப் புல்தரையைச் சுருட்டிக் காரில் கொண்டுவந்து விரித்தார்கள். அமைச்சர் வெள்ளி பூசிய மண்வெட்டியால் அதை ஒரு குத்து குத்தினார். பிறகு புல்தரை சுருட்டப்பட்டு அடுத்த ஊர் விழாவுக்குப் புறப்பட்டது. அதன்பின் திறப்பு விழா. எதிர்க்கட்சிக்காரர்கள் தனியாக நடத்திய திறப்பு விழா. பாதிரியார் தீர்த்தம் தெளித்த விழா. குளிர் உள்ளே வராத சுவருக்குச் சான்றிதழ் வழங்கும் விழா. இத்தனை விழாவுக்கும் ஒத்துழைத்தவர்களுக்கு நன்றி கூறும் விழா. இப்படியே பன்னிரண்டு விழா.

விழாவுக்கு ஒரு குடும்பம் தேவை. அந்தப் பொறுப்பு கவுன்சிலர் கன்செப்டா ராட்டிகனுடையது. மாவட்டத்தில் எந்தச் சாவையும் அவர் தவறவிட்டதில்லை. ஒரு வாரம் யாரும் சாகவில்லை என்றால் முகம் வாடிவிடும்.

"ரோஷீன் கண்ணு, வியாழக்கிழமை கொஞ்சம் குடியிருக்க வர முடியுமா? பதினொண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும்தான்."

"நிஜமாவே குடியிருக்கவா, இல்ல படத்துக்கா?"

"இப்போதைக்குப் படத்துக்கு. படிப்படியாதானேம்மா போகணும்."

அக்கா போவாள். கொடியில் துணி தொங்கும், கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும், அடுப்பில் சோடா ரொட்டி மணக்கும். அமைச்சரோ எதிர்க்கட்சியின் நிழல் அமைச்சரோ சாவியைக் கொடுப்பார், படம் எடுப்பார்கள், வீட்டுவசதி அதிகாரி மாலகி டர்கன் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். வீடுகளுக்குள் பாரபட்சம் கூடாது என்று ஒவ்வொரு விழாவும் ஒவ்வொரு வீட்டில்.

"ஏன்க்கா இந்தக் கூத்துக்குப் போற? உனக்கு மானமே இல்லையா?" என்று ஒருமுறை கத்திவிட்டேன். பல்கலைக்கழகத்தில் விவாத மன்றத்துச் செயலாளர் நான். பல்கலைக்கழகம் உள்ள கால்வே நகரில் தங்க அறை கிடைக்காமல் தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறவள். என் கோபத்துக்கு எப்போதும் தொண்டை தயார்.

"மானமா? அந்த ஒரு மணி நேரம் நான், டைக், மேவ், மூணு பேரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கோம் ப்ரோனா. அமைச்சர் லேட்டா வந்தா ரெண்டு மணி நேரம்" என்றாள்.

பன்னிரண்டாவது விழா முடிந்த வாரம், பட்டியலில் தன் இடம் என்ன என்று கேட்க அக்கா கவுன்சில் அலுவலகம் போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். டர்கன் கணினியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார்.

"நீங்க பட்டியல்ல இல்லையேம்மா. உங்களுக்கு வீடு குடுத்தாச்சு."

"எப்போ?"

"பன்னெண்டு தடவை. பன்னெண்டு வீடு, பன்னெண்டு சாவி, பன்னெண்டு பயனாளி. இலக்கு நூறு சதவீதம் எட்டியாச்சு. டப்ளின்லேர்ந்து பாராட்டுகூட வந்துச்சு."

"மாலகி, சாவிய ஒவ்வொரு தடவையும் நீங்கதானே திரும்ப வாங்கிக்கிட்டீங்க?" என்றேன்.

"வாங்கினேன். ஆனா சாவி குடுக்கறதுக்குத்தான் திட்டம் இருக்கு, வாங்கறதுக்குத் திட்டம் இல்ல. அதனால அது பதிவுல ஏறாது." குரலைத் தாழ்த்தினார். "உண்மையில உங்க அக்கா மேலதான் கேள்வி வரும். ஒரே குடும்பம் பன்னெண்டு வீட்ட வச்சிருக்கு. நான் இதுவரை கண்டுக்காம விட்டிருக்கேன்."

"சரி, விளக்கு எப்போ எரியும்?"

"அது உங்க கைல இருக்கு. அடுத்த வாரம் வரி பத்திக் கருத்துக்கேட்பு. ஊரே கை தூக்கி வரியக் குறைக்காதீங்கன்னு சொல்லட்டும், மறுநாளே எரியும்."

கருத்துக்கேட்பு கால்பந்து கிளப் ஹாலில் நடந்தது. தேநீரும் முட்டை சாண்ட்விச்சும் இருந்ததால் ஊரே வந்திருந்தது. நான் மேடையேறினேன். அக்காவின் கதையைச் சொன்னேன், டைக்கின் கட்டிலைச் சொன்னேன், வரியைக் குறைத்தால் வீட்டுக்கு மாதம் ஒரு கோழி ரோல் வாங்கும் காசுதான் மிச்சம் என்றும் சொன்னேன். ஹால் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். கன்செப்டா சாவு வீட்டுக்கென்று வைத்திருக்கும் கைக்குட்டையையே எடுத்துவிட்டார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

"வரியக் குறைக்க வேணாம்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றார் டர்கன்.

அம்மா, நான், அக்கா. அக்காவின் மடியிலிருந்த மேவும் தூக்கினாள், சாண்ட்விச்சோடு.

"அப்பா!" என்றேன்.

"என்னம்மா நீ? விளக்கு வேணும்தான். யாரு இல்லன்னா? அதுக்கு என் வரியத்தான் எடுக்கணுமா? பொண்ணு, பேத்தின்னு வீட்டுல ரெண்டு பேரு அதிகம், கரண்ட் பில் எவ்வளவு வருது தெரியுமா!"

வரி முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் குறைந்தது. கணக்கை நேர் செய்ய, மறுவாரமே ஊரின் எல்லாத் தெருவிளக்குகளும் அணைக்கப்பட்டன.

டர்கன் நேர்மையானவர். விதி என்றால் விதி. விளக்கு எரியாத தெருவில் உள்ள வீடு குடியிருக்கத் தகுதியற்றது. ஆகவே நாக்ரீனாவில் உள்ள அனைத்து வீடுகளும் தகுதியற்றவை என்று வீடுவீடாக அறிவிப்பு வந்தது. தகுதியற்ற வீட்டுக்கு வரி அறவே கிடையாது என்று அதன் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. சிறிய எழுத்தை எங்கள் ஊர் முதலில் படிக்கும். அன்று மதுக்கடையில் அப்பா எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தார். திரும்பி வரும்போது எங்கள் வீட்டுப் படியிலேயே தடுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். சிரித்துக்கொண்டேதான் விழுந்தார்.

மறுநாள் அக்கா தனியாகவே அலுவலகம் போனாள்.

"மாலகி, அந்தப் பன்னெண்டு சாவியும் யாரோடது?"

"பதிவுப்படி உங்களோடது."

"அப்புறம் என் சாவி உங்க மேசைல என்ன பண்ணுது?"

டர்கனுக்கு வியர்த்ததாம். பிறர் சொத்தை அனுமதியின்றி வைத்திருப்பது அவருடைய பணி விதிகளில் மிகக் கடுமையான குற்றம். இழுப்பறையைத் திறந்தார். "ஆனா அந்தத் தெருவுல விளக்கு இல்லையேம்மா, நீங்க அங்க இருக்கக் கூடாதே."

"அப்பா வீட்டுத் தெருவுலயும் இல்ல. எங்க இருந்தாலும் தப்புதானே? புருஷனோட இருந்துட்டுப் போறேன்."

அன்றே நான்காம் எண் வீட்டில் குடியேறினார்கள். டைக் தன் நீளத்துக்கு ஒரு கட்டில் செய்துகொண்டார். காலியான சாமான் அறையில் அப்பா ஓர் உடற்பயிற்சி சைக்கிளை நிறுத்தினார். கணுக்கால் குணமானதும் மிதிப்பாராம்.

ஊர் ஒரு வாரம் பொறுத்தது. மீதி பதினோரு வீடும் அக்கா பெயரில் சும்மா கிடக்கின்றன என்பது பரவியதும் ஆளாளுக்குத் தங்கள் வீட்டுப் பிள்ளையின் நினைவு வந்தது. ஒருத்தி பன்னிரண்டு வீட்டைப் பதுக்குவதா? என்ன அநியாயம்! எனக்கும் கோபம் வந்தது. கொள்கை வேறு, அக்கா வேறு. தவிர, கால்வே பஸ் நிற்பது பழைய பால் பண்ணை வாசலில்; அங்கே ஒரு வீடு எனக்குக் கிடைத்தால் ஒரு பஸ் மிச்சம். 'பதுக்கலை ஒழிப்போம்' என்று பதாகை எழுதியது நான்தான்.

டிசம்பர் மாதம், மாலை ஐந்து மணி, மை இருட்டு. நான்காம் எண் வாசலில் கூடினோம். அக்கா பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடுமே என்று யாரும் டார்ச் கொண்டு வரவில்லை. பதாகையை யாரும் படிக்க முடியவில்லை. நடப்பதைப் பதிவு செய்ய டர்கன் வந்திருந்தார்.

அக்கா கதவைத் திறந்தாள். உள்ளே வெளிச்சம், சூப் வாசனை, மேவின் பாட்டு.

"முதல்ல அந்த லைட்ட அணை" என்று கூட்டத்தில் ஒரு குரல். "கண்ணு கூசுது."

"சரி, அப்பா" என்று அணைத்தாள் அக்கா.

"பதினோரு சாவியும் இதோ இருக்கு," என்றது அவள் குரல். சாவிக்கொத்து குலுங்கும் சத்தம். "எனக்கு எதுக்கு? உங்க பிள்ளைங்களுக்கே குடுத்துடறேன். ஆனா அவங்க படியில விழுந்து காலை உடைச்சுக்கக் கூடாது. தெருவிளக்கு எரியணும். அதுக்கு வரி கட்டறேன்னு சொல்றவங்க கை தூக்குங்க. மாலகி எழுதிக்கட்டும்."

என் கை உயர்ந்தது. பக்கத்தில் ஏதோ என் முழங்கையில் இடித்தது. தடவிப் பார்த்தேன். அப்பாவின் கோட்டுக் கை. மேலே நீட்டியபடி நின்றது. எனக்கு முன்னால் துணி உரசும் சத்தம், பின்னால் உரசும் சத்தம், ஒரு வளையல் மேலிருந்து கீழே சரியும் சத்தம். சாவு வீட்டு வாசனைத் திரவியம் உயரத்திலிருந்து வீசியது, கன்செப்டாவும்தான். நாக்ரீனாவின் வரலாற்றிலேயே முதன்முறையாக எல்லாக் கையும் மேலே இருந்தது என்று நான் சத்தியம் செய்வேன்.

டர்கன் தொண்டையைச் செருமினார்.

"கை எதுவும் தென்படவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது."