ஜனநாயகத்துக்குக் கரி போட்டவர்

பிள்ளைகளே, ஜனநாயகத்தின் வயிற்றுக்குள்ளேயே இறங்கி வேலை பார்த்தவர் திருவனந்தபுரத்தில் ஒரே ஒருவர்தான். ஆரியசாலையில் நான் சப்ளையராக இருந்த ஹோட்டலில் அடுப்பு எரித்த கப்பல் அண்ணாச்சி.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் காரைக்காலுக்கு ஓடி, பிரெஞ்சுக்காரரின் போர்க்கப்பல் ஒன்றில் கரி அள்ளப் போனாராம். கப்பலின் பெயர் தெமொக்ரஸி. தமிழில் ஜனநாயகம். சுதந்திரம், நீதி, உண்மை என்று அதே அச்சில் இன்னும் மூன்று கப்பல்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் படம் வரைந்து, திருத்தி, மறுபடி திருத்திக் கட்டி முடிப்பதற்குள் இங்கிலீஷ்காரன் புது மாதிரிக் கப்பலையே கடலில் இறக்கிவிட்டான். "பொறக்கும்போதே அவ கெழவி. ஆனா கெட்டி" என்பார் அண்ணாச்சி. முதல் யுத்தத்தில் துருப்புக் கப்பல்களுக்குக் காவல் போனாள் அந்தக் கிழவி. யுத்தம் முடிந்ததும் பழைய இரும்பாக உடைத்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் அண்ணாச்சி நம் முகத்தைப் பார்க்கமாட்டார்.

சுதந்திரம் வந்த கையோடு, சொத்து இல்லாதவனுக்கும் ஓட்டு என்று முதல் தேர்தல் வந்தது. சாலைக் கடைத்தெருவில் கூட்டம். "ஜனநாயகம் என்றால் என்னவென்று இங்கே யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் பேச்சாளர்.

அண்ணாச்சி எழுந்தார். "எனக்குத் தெரியும். மூணு புகைக்கூண்டு. முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு பெரிய பீரங்கி. உள்ள இருபத்திரெண்டு பாய்லர்."

பேச்சாளர் சோடாவைக் கீழே வைத்தார்.

"ஓடுமா அண்ணாச்சி?" என்றது ஒரு குரல்.

"கரி போட்டா ஓடும். போடாட்டா நிக்கும்."

"அப்போ சுதந்திரம்?"

"அது துறைமுகத்துல நின்னபடிக்கே வெடிச்சுப்போச்சு. உள்ள வெடிமருந்து கெட்டுக் கெடந்திருக்கு, ஒருத்தனும் கவனிக்கல. பொறவு மத்த கப்பல்லல்லாம் மருந்த வெளிய எடுத்து எடுத்துப் பாத்தாங்க. ஒண்ணும் ஆகல."

ஒரே கைதட்டல். எதிர்க்கட்சி அனுப்பிய ஆள் என்று முடிவு கட்டிய பேச்சாளர் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் முதலாளி அடுப்படிக்கு வந்தார். "நாளைக்கு ஓட்டுப் போட வாற கூட்டத்துல கச்சவடம் பிய்ச்சுக்கிட்டுப் போகும். ஒருத்தனும் நகரப்படாது, கேட்டீங்களா?"

எங்களில் யாரும் அதுவரை ஓட்டுப் போட்டதில்லை. எல்லோர் முகமும் தொங்கிப்போயிற்று. அவர் போனதும் அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: "கார் இருக்குல்லா. கார் வச்சு எல்லாரும் போயிட்டு வந்துரலாம்."

காலையில் வெளுத்த வேட்டி கட்டித் திருநீறு பூசி காரை எதிர்பார்த்து வாசலில் வரிசையாக நின்றோம். முதலாளி கல்லாவை விட்டு ஓடி வந்தார். "எந்தக் கட்சிக்காரன்வே கார் அனுப்புதான்?"

அண்ணாச்சி கரண்டியோடு வெளியே வந்தார். "கட்சியா? கார்னா மொறை, மொதலாளி. பிரெஞ்சுக்காரன் கப்பல்ல அப்படித்தான் சொல்லுவோம். ரெண்டு பேரு போனா மத்தவன் தீயப் பாத்துக்கிடுவான். கப்பலும் நிக்காது."

நாங்கள் தலையைச் சொறிந்தோம். முதலாளி கொஞ்சம் யோசித்தார். "தோசை நின்னுதுன்னா ஒம்மத்தான் கேப்பேன்" என்று உள்ளே போய்விட்டார்.

தோசை நிற்கவில்லை. இரண்டிரண்டு பேராகப் பின்தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஓட்டுப் போட்டு வந்தோம். பொழுது சாய்ந்தபோது அண்ணாச்சி மட்டும் பாக்கி.

"நீங்க போகலியா? இப்போ மூடிருவாங்களே."

"எனக்கு மாத்தாள் எங்க இருக்கான்?"

"நான் இருக்கேன்லா."

"நீ சாம்பார் வாளி தூக்குத பய. தீ ஒன் பேச்சக் கேக்குமா?"

"கேக்க வைக்கேன். போங்க அண்ணாச்சி."

அரைமனதாகச் சட்டையை மாட்டிக்கொண்டார். வாசலில் திரும்பி நின்றார். "அங்கேருந்து நம்ம அடுப்புப் புகைக்கூண்டப் பாத்துக்கிட்டேதான் நிப்பேன். புகை நின்னுது, வரிசைய விட்டு வந்துருவேன், ஆமா."

அவர் போனார். அடுப்படியில் நான் தனி. விறகு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. இருந்தாலும் ஓர் ஈரத் தேங்காய் மட்டையைத் தேடி எடுத்து, கண் எரிய எரிய உள்ளே தள்ளினேன். பின்தெரு வரிசையிலிருந்து பார்க்கிறவருக்குப் புகை நன்றாகத் தெரிய வேண்டுமே.